டிவிசன் நான்கு

2026ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், புதன்கிழமை, முற்பகல் 10 மணி 40 நிமிடத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் சங்க அலுவலகத்தின் மேல்மாடியில், பதினேழு கணினி நிரல்கள் அழிக்கப்பட்டன. அவற்றுள் பதினாறு எவருக்கும் தேவைப்படாதவை. அழிக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்தது ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர். அதற்கு அனுமதி அளித்தவர் எங்கள் கணினிப் பொறியாளர் யுகேந்திரன். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அனுமதி அளிக்கச் சொன்னவள் நான்.

எங்கள் சங்கம் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், காப்பார் ஆகிய மூன்று இடங்களில் மையங்கள் உள்ளன. நூற்று நாற்பது நோயாளிகள் வாரத்திற்கு மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருப்பார்கள். யார், எந்நாளில், எந்த இருக்கையில், எவ்வளவு மருந்தோடு என்பதை எல்லாம் கணினி வைத்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக நான் இச்சங்கத்தின் செயலாளராக இருந்தேன்.

யுகேந்திரன் அம்பாங்கிலிருந்து வருகிறவர். வயது முப்பத்து நான்கு. எங்களிடம் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் நிரல்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று முதல் மாதத்திலேயே அவரிடம் கேட்டேன். செயலாளர் தெரிந்துகொள்ளாத ஒன்று அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்பது என் வழக்கம்.

"போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் அடுக்கி வெச்சிருக்கிறத பாத்திருக்கீங்கதானே ஆன்டி? அதே மாதிரிதான் லா. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பொட்டி. பொட்டிங்க எல்லாத்தையும் ஏத்தியிருக்கிற கப்பல்தான் கிளஸ்டர். எது முழிச்சிருக்கணும், எது தூங்கணும், ஒன்னு செத்துப்போச்சுன்னா அதே மாதிரி இன்னொன்ன எப்ப எழுப்பணும், எல்லாம் கப்பலே பாத்துக்கும்."

"அப்படியானால் நீங்க என்ன பார்ப்பீங்க?"

"கப்பல பாத்துப்பேன்," என்று சிரித்தார்.

கடந்த ஆண்டு ஆகஸ்டு முதல் கப்பலைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் அவருக்கு ஒரு துணை வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக அது வரும். "காப்பார் சென்டர் ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாரு" என்று யுகேந்திரன் பேச்சுத் தமிழிலேயே எழுதுவார். அது தானே கட்டளைகளை அமைத்து, எந்தப் பெட்டி தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, செய்யவேண்டியதைச் சொல்லி, "செய்யட்டுமா?" என்று கேட்கும். அவர் சரி என்றால் செய்யும். அதற்கு அவர் 'பாஸ்' என்று பெயர் வைத்திருந்தார். முன்பு அரை நாள் எடுத்த வேலைகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு என் கைப்பேசிக்கு அதனிடமிருந்து ஓர் அறிக்கை வரும். பிழையற்ற வாக்கியங்கள், ஒற்றுகூட விடுபட்டிருக்காது. "மூன்று மையங்களும் சீராக இயங்குகின்றன. எச்சரிக்கைகள்: 0." அதைப் படித்த பிறகே காப்பி குடிப்பேன்.

டிசம்பர் இறுதியில் இடம் போதவில்லை என்று யுகேந்திரன் சொன்னார். பழைய பொறியாளர் கமலநாதன் விட்டுச்சென்ற பெட்டிகள் பல அப்படியே கிடந்தன. கமலநாதன் கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுதிய நிரல்களுக்கெல்லாம் தோட்டத்துப் பிரிவுகளின் பெயரையே இட்டார்: டிவிசன் ஒன்று, டிவிசன் இரண்டு, என்று முப்பது வரை. எது எதற்கு என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் வாயால் சொல்வார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் பெர்த் நகரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்.

அது ஒழுங்கின்மை. டிசம்பர் 29ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன். அதன் இரண்டாம் பத்தி இவ்வாறு இருந்தது: "பொறுப்பாளர் பெயரும் பயனும் எழுத்தில் இல்லாத எதுவும் ஜனவரி பத்தாம் நாளுக்குப் பின் சங்கத்தின் கணினியில் இருத்தல் கூடாது."

ஏழாம் நாள் முற்பகல், அவ்வேலை நடக்கும்போது நான் நேரில் இருக்க விரும்பினேன். உதவியாளர் பெட்டிகளை ஆராய்ந்து, பதினேழின் பெயர்களைத் திரையில் வரிசையாகக் காட்டியது. பதினாறுக்கு நேராக, "பயன்பாடு இல்லை, நீக்கலாம்" என்று இருந்தது. ஒன்றுக்கு நேராக மட்டும் நான்கு வரிகள் இருந்தன. அவற்றை இன்றும் சொல் பிசகாமல் சொல்ல முடியும்.

"டிவிசன்-4: உறக்க நிலையில் உள்ளது. கடந்த பதினான்கு நாள்களில் எவரும் பயன்படுத்தவில்லை. அதற்கு முந்தைய தரவு என்னிடம் இல்லை. சேமிப்பில் 23 பதிவுகள் உள்ளன. இதன் பயனைப் பெயரிலிருந்து அறிய இயலவில்லை. நீக்குவதற்கு முன் யாரையேனும் கேட்பது நல்லது."

"ஆன்டி, இது ஒன்னுக்கு மட்டும் கேள்வி கேக்குது," என்றார் யுகேந்திரன்.

"யார் பேர்ல இருக்கு?"

"கமலநாதன் அண்ணன் பேர்லதான்."

"அவர் இப்ப எங்க?"

"பெர்த்ல. மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு ஒரு தம்ஸ் அப் வரும்."

"என்ன வேலைக்குன்னு எழுதியிருக்கா?"

"இல்ல ஆன்டி. ஒன்னும் எழுதல."

"அப்புறம் என்ன?"

அவர் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விசைப்பலகையின் பக்கம் குனிந்து, "ஓகே பாஸ், எல்லாத்தையும் தூக்கிடு" என்று எழுதினார். திரையில் பதினேழு வரிகள் மேல்நோக்கி ஓடின. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு மனநிறைவாக இருந்தது.

டிவிசன் நான்கு என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தைப்பூசத்திற்கு எங்கள் நோயாளிகளில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் விரதம் இருக்கிறார்கள். சோறு தவிர்த்துப் பழம், பால், இளநீர் என்று நாள்களைக் கழிக்கிறார்கள். நல்ல உடம்புக்கு அது நன்மை. சிறுநீரகம் இல்லாத உடம்பில் வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியமாகத் தங்கும். அளவு கூடினால் கால்கள் தளரும், பின்னர் முன்னறிவிப்பின்றி இதயம் நிற்கும். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாலை போட்டுக்கொள்வார்கள். எனவே கமலநாதன் இருந்த காலத்தில் செவிலியர்கள் வேறொரு வழி கண்டார்கள். மார்கழி பிறந்ததும் மூன்று நாள், யார் யார் விரதம் என்று நோயாளிகளிடம் திட்டாமல் கேட்டுப் பதிவார்கள். அதன்பின் அந்த நிரல் உறங்கும். பொங்கலுக்கு மறுநாள் அது தானே விழிக்கும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறைக்குப் பதில் வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை எழுதும். பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலும் பணியில் இருக்கும் செவிலியரின் கைப்பேசியில் மணி அடிக்கும். பூசத்திற்கு முந்திய நாள் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுத்திகரிப்பு ஒதுக்கும். பூசம் முடிந்த மூன்றாம் நாள் மீண்டும் உறங்கிவிடும்.

செவிலியர்கள் அதை 'விரத லிஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். கணினிக்குள் அதன் பெயர் டிவிசன் நான்கு என்பது கமலநாதனைத் தவிர எவருக்கும் தெரியாது. யுகேந்திரன் அதைப் பெரிய நிரலின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார். நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

முன்பு அதே பட்டியலுக்குப் பச்சை அட்டை போட்ட பேரேடு ஒன்றும் ஒவ்வொரு மையத்திலும் இருந்தது. ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைத்திருப்பது பிழைக்கு இடம் தரும் என்று சொல்லி, மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்தியவளும் நான்தான்.

ஜனவரி 16, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு மறுநாள். எதுவும் விழிக்கவில்லை. விழிக்காத ஒன்று சத்தம் போடாது. காலை ஏழு மணி அறிக்கை வழக்கம்போல் வந்தது. எச்சரிக்கைகள்: 0.

இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்குப் பின் அலுவலகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை வரிசையின் முனையில் உள்ள இளநீர்க் கடையில், மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலையுடன், மூன்று வாரத் தாடியோடு ஒருவர் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரன் என்று அடையாளம் காணச் சற்று நேரம் ஆயிற்று. காப்பாரில் லோரி ஓட்டியவர், ஐம்பத்தெட்டு வயது, நான்கு ஆண்டுகளாக எங்கள் நோயாளி. மகள் தாமரை பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பதால், புத்தாண்டு பிறந்ததும் காப்பார் மையத்திலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு வந்திருந்தார். திங்கள், புதன், வெள்ளி. ஒன்பதாம் எண் இருக்கை.

"வணக்கம் செயலாளரம்மா! என்னைப் பிடிச்சிட்டீங்களே," என்றார் கையில் இளநீரோடு.

"இது எத்தனையாவது?"

"இன்னிக்கா? ரெண்டுதான். பொய் சொல்லக் கூடாது, மாலை போட்டிருக்கேன். மூணு."

"சென்டர்ல தெரியுமா?"

"காப்பார் நர்ஸ் மிஸிகிட்ட மார்கழியிலயே சொல்லிப் பேர் குடுத்துட்டேன். இங்க உள்ள மிஸி வேற மாதிரி, ரொம்ப கராங், சட்டுன்னு திட்டிருவாங்க. அதனால இங்க வரும்போது பேண்ட் சட்டை, மாலை உள்ள. தாடி கேட்டாங்க. சவரக் கத்தி தொலைஞ்சு போச்சுன்னேன்." கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். "பதினஞ்சாவது வருசம்மா. பால்குடம். இத முடிச்சிட்டா வேண்டுதல் தீந்துது. போட்டுக் குடுத்துடாதீங்க."

"லிஸ்ட்ல பேர் இருக்கில்ல?"

"இருக்கு இருக்கு. ஆனா இந்த வருசம் யாரும் இன்னும் ஊசி போட்டு ரத்தம் எடுக்கல. நல்லதா போச்சு."

அவர் விளையாட்டாகச் சொன்ன அந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன். பொங்கல் முடிந்து நான்கு நாள்தானே ஆகிறது, அவருடைய முறை இந்த வாரம் வரும் என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன். மையத்திற்குப் போய்ச் செவிலியரிடம் சொல்லலாமா என்றும் எண்ணினேன். ஆனால் ஒரு நோயாளியைப் பற்றிய மருத்துவச் செய்தியை நிர்வாகத்தினர் வாய்மொழியாகக் கொண்டுசெல்லக் கூடாது, பதிவு வழியாகவே செல்ல வேண்டும் என்பது நான் வகுத்த விதி. பதிவு இருக்கிறது என்று அவரே சொல்கிறார். விதியை மீற எனக்குக் காரணம் தெரியவில்லை.

"அளவா குடிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினேன்.

இருபத்தேழாம் நாள் செயற்குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில், விரத காலத்தின் முதற்பகுதியில் ஓர் எச்சரிக்கைகூட எழவில்லை என்றும், நோயாளிகளின் கட்டுப்பாடு பாராட்டுக்கு உரியது என்றும் எழுதினேன். அந்த வாக்கியத்தை மட்டும் இருமுறை திருத்தி அழகாக்கினேன்.

ஜனவரி 31, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. மறுநாள் தைப்பூசம். கிள்ளான் மையத்தின் தலைமைச் செவிலியர் மலர்விழி தொலைபேசியில் அழைத்தார். பதினெட்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றுகிறவர், பதறாதவர்.

"மேடம், ஒன்னு கேக்கலாமா? இன்னிக்கு எக்ஸ்ட்ரா சீட்டுக்கு யாரையும் போடலையா?"

"எந்த சீட்?"

"விரதக்காரங்களுக்கு மேடம். பூசத்துக்கு முந்துன நாள் மெசின் நிக்காம ஓடும். இன்னிக்கு ஒன்பது மெசின் சும்மா கெடக்கு. நானும் லீவு முடிஞ்சு நேத்துத்தான் வந்தேன். வந்ததும் கேட்டேன், இந்த வருசம் ஒரு வாட்டிகூட போன் அடிக்கலன்னு இவங்க சந்தோசமா சொல்றாங்க. எனக்கு என்னமோ நல்லா படல."

நான் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தேன். யுகேந்திரன் அன்று விடுப்பு. அம்பாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபத்தைந்து நிமிடத்தில் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே அமர்ந்து, "விரத லிஸ்ட் எங்க ஓடுது?" என்று எழுதினார்.

சில நொடிகளில் திரையில் பதில் வந்தது.

"அப்பெயரில் எதுவும் இயங்கவில்லை. மையங்களின் பழைய நோயாளிப் பதிவுகளில் தேடியதில், வாராந்தரப் பரிசோதனைகளையும் பூசத்திற்கு முந்திய நாள் ஒதுக்கீட்டையும் கடந்த ஆண்டு அனுப்பியது டிவிசன்-4 எனத் தெரிகிறது. ஜனவரி 7, முற்பகல் 10.40க்கு உங்கள் அனுமதியின்படி அது நீக்கப்பட்டது. காப்பு நகல் பதினான்கு நாள்கள் வைக்கப்பட்டு, ஜனவரி 21 அன்று காலாவதியானது. அதிலிருந்த 23 பதிவுகளை மீட்க இயலாது."

யுகேந்திரன் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அன்னிக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"ஆமாம். நான்தான் சொன்னேன். இப்ப போன எடுங்க."

இருபத்து மூன்று என்ற எண் இருந்தது, பெயர்கள் இல்லை. மூன்று மையங்களிலும் அப்போது இருந்த செவிலியர்கள், தாங்கள் பதிந்தது யார் யாரை என்று நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். மலர்விழி விடுப்பில் போகுமுன் பதிந்த பத்துப் பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்னார். காப்பாரிலிருந்து ஏழு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஐந்து. சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டே வந்த நான், இருபத்திரண்டாவது பெயருக்குக் கீழே கோடு போட்டபோதுதான் ஒன்று குறைவதைக் கண்டேன்.

பரமேஸ்வரன் அதில் இல்லை. காப்பார் செவிலியர் தம் மையத்தில் இப்போது இருப்பவர்களை மட்டுமே சொன்னார்; அவரைப் பொறுத்தவரை பரமேஸ்வரன் மாறிப் போனவர். இங்குள்ள செவிலியருக்கு அவர் சவரக் கத்தியைத் தொலைத்த மனிதர். பட்டியலே இல்லாமல் நான் அறிந்திருந்த ஒரே பெயர் அவருடையது.

மற்ற இருபத்திரண்டு பேரையும் மாலை நான்கு மணிக்குள் பிடித்துவிட்டோம். பலர் வீட்டில் இருந்தார்கள். சிலரைப் பாதி வழியில் திருப்பினோம். இரத்தம் எடுத்ததில் ஒன்பது பேருக்கு அளவு கடந்திருந்தது. எல்லாரையும் இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள். கிள்ளானில் ஓர் அம்மாள் காப்புக் கயிற்றைக் காட்டி, "இதுக்கு மேல ஊசி குத்தினா சாமி கேக்கும்" என்று மலர்விழியிடம் சண்டை போட்டதாகவும், "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கைய நீட்டுங்க" என்று அவர் அடக்கியதாகவும் பின்னர் அறிந்தேன்.

நான் பதினொன்றே முக்காலுக்கே பூக்கடைக்கு நடந்து போயிருந்தேன். தாமரை மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா விடியகாலையிலயே போய்ட்டாங்க ஆன்டி. கிள்ளான் கூட்டத்தோட. நடந்தே பத்துமலை முருகன் கோயிலுக்கு."

"போன்?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அணைக்கப்பட்ட கைப்பேசி ஒன்று அதில் இருந்தது. "மாலை போட்டா கடைசி நாள் போன் எடுக்க மாட்டாங்க. வருசா வருசம் இப்படித்தான். ஏன் ஆன்டி, ஏதாவது..."

"நேற்று சென்டருக்குப் போனாரா?"

"போனாங்க. ஆனா ஒரு மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டாங்க. ரதத்தப் பாக்கணும்னு சொன்னாங்க."

பட்டியலில் பெயர் உள்ளவர் முன்னதாக எழுந்தால் அந்த நிரல் செவிலியரை எச்சரிக்கும். அதுவும் டிவிசன் நான்கின் வேலைதான்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. கட்டிய மாலை கையிலிருந்து நழுவ, அவள் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

கூட்டத்தில் ஒரு மனிதனைத் தேடுவது எப்படி இருக்கும் என்பதை விளக்கப் போவதில்லை. பத்துமலையின் ஆற்றங்கரையெங்கும் மஞ்சள் உடுத்தியவர்கள். எல்லாருக்கும் தாடி, எல்லார் கழுத்திலும் மாலை. அறிவிப்பு மேடையிலிருந்து அவர் பெயரை நான்கு முறை அழைத்தார்கள்; மேளமும் உறுமியும் அதை விழுங்கின. யுகேந்திரன் ஒரு பக்கம், தாமரையும் நானும் ஒரு பக்கம், கிள்ளானில் பணியை முடித்துவிட்டு வந்து சேர்ந்த மலர்விழி ஒரு பக்கம்.

பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்திற்கு மலர்விழிதான் அவரைக் கண்டார். படிகளின் அடியில், தலையில் இருந்த பால்குடத்தை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, இரும்புத் தடுப்பில் சாய்ந்து அமர்ந்திருந்தார். நாங்கள் ஓடிச் சென்றபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸி, கிள்ளான்ல இருந்து நீங்களும் வந்துட்டீங்களா? காலு ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு. நடந்தது ஜாஸ்தி. அஞ்சு நிமிசம் குடுங்க, ஏறிடுவேன்."

"ஏற வேணாம் அண்ணே. பேசாதீங்க. ஆம்புலன்ஸ் வருது," என்றார் மலர்விழி, அவர் மணிக்கட்டை விடாமல்.

"பாலு கெட்டுப் போயிரும்மா," என்றார் மகளைப் பார்த்து. பிறகு என்னைக் கண்டார். "செயலாளரம்மா. போட்டுக் குடுத்துட்டீங்கதானே?" என்று சிரித்தார்.

"இல்லை," என்றேன். அது உண்மை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், 6 மணி 52 நிமிடத்தில், அவருடைய இதயம் நின்றது. ஆம்புலன்ஸில் இருந்தவர்கள் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள்.

ஏழு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனை வாசலில் நின்று அதைப் படித்தேன். "மூன்று மையங்களும் சீராக இயங்குகின்றன. எச்சரிக்கைகள்: 0."

யுகேந்திரன் அருகே நின்றிருந்தார். "அது பொய் சொல்லல ஆன்டி," என்றார். "கேட்டுச்சு. நம்மதான் பதில் சொல்லல."

"நீங்க என்கிட்ட கேட்டீங்க. பதில் சொல்ல வேண்டியவள் நான்."

அவர் மறுக்கவில்லை. மறுக்காதது சரியே.

பால்குடத்தைத் தாமரை கீழே வைக்கவில்லை. மதியம்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பின்னர் அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பத்துமலைப் படியேறப் போனாள் என்று மலர்விழி சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதாம் எண் இருக்கை காலியாக இருந்தது. நோயாளி வரவில்லை என்று கணினி ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அந்த ஆண்டின் முதல் எச்சரிக்கை அதுவே.

செயற்குழு பிப்ரவரி 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் கூடியது. நடந்தது முழுவதையும் முந்தைய நாளே பரமேஸ்வரனின் குடும்பத்தாரிடம் நேரில் சொல்லி, எழுத்திலும் கொடுத்திருந்தோம். சட்டப்படி அவர்கள் எடுக்கும் எந்த நடவடிக்கையையும் சங்கம் எதிர்க்காது என்று முதலில் முடிவாயிற்று.

உதவியாளரை அகற்ற வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் கோரினார்கள், அது ஏற்கப்படவில்லை. அது தொடர்ந்து பார்க்கும், ஆராயும், பரிந்துரைக்கும். அழிக்கும் அதிகாரம் மட்டும் அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. இனி எந்த நிரலையும் நீக்குமுன் மூன்று மையங்களின் தலைமைச் செவிலியர்களையும் நேரில் கேட்க வேண்டும். அவர்கள் மூவரும் கையொப்பமிட்ட பின்னும் ஓர் ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு மனிதர் அதன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தே நீக்க வேண்டும். ஓர் ஆண்டு என்று வைத்ததற்குக் காரணம், எங்கள் நோயாளிகளின் வாழ்க்கையில் சில நிகழ்வுகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகின்றன என்பது.

அழிக்கப்படாமல் எஞ்சி இயங்கிவரும் டிவிசன்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்பதைப் பெர்த்திலிருந்து கமலநாதன் இரண்டு மாலைகள் தொலைபேசியில் சொல்ல, யுகேந்திரன் எழுதி முடித்திருந்தார். அந்த ஏடு பதிவில் சேர்க்கப்பட்டது. பச்சை அட்டைப் பேரேடு மூன்று மையங்களிலும் மீண்டும் வைக்கப்படும். மையம் மாறும் நோயாளியின் பக்கத்தை, விட்டுச்செல்லும் மையத்தின் செவிலியர் புதிய மையத்தின் செவிலியரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். யுகேந்திரன் எழுத்திலிருந்த ஆணையின்படி நடந்தவர் என்பதால், அவர் மீது நடவடிக்கை இல்லை.

டிசம்பர் 29ஆம் நாளிட்ட சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. செயலாளரின் பதவி விலகல் கடிதம் விவாதமின்றி ஏற்கப்பட்டது. கூட்டம் நான்கு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது.